உறை மாறிய கெரிஸ்

— ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாப்ள. நான் உங்க கையில கொடுத்தது கெரிஸ், எங்க வீட்டுக் குத்துவாள். நீங்க திருப்பிக் கொண்டு வந்திருக்கிறது என்ன, துணி துவைக்கிற கட்டையா?

— அதே கெரிஸ்தான் மாமா. உறைதான் வேற.

— உறை வேறன்னா ஆளே வேற. நான் எங்க சோலோ ஊர் உறையில போட்டுக் கொடுத்தேன். அதோட தலையைப் பார்த்தா அலை மேல ஏறுற படகு மாதிரி இருக்கும். முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு கொம்பு, கையை வெச்சா குத்தும். இது என்ன, கொம்பை மழுக்கி, இடுப்பைக் குறுக்கி, கன்னம் மட்டும் உப்பிப் போய்? பல் பிடுங்கின ஆள் மாதிரி இருக்கு.

— ஜோக்ஜாவுல அப்படித்தான் செய்வாங்க.

— ஜோக்ஜாவுல எல்லாமே அப்படித்தான். பலாக்காயில வெல்லத்தைக் கொட்டிச் சமைச்சுட்டு அதைச் சாப்பாடுன்னு சொல்ற ஊரு.

— பையில பாக்பியா பலகாரம் இருக்கு. உங்களுக்குத்தான்.

— அதுலயும் சர்க்கரைதான். வைங்க அங்க. அப்புறம் சாப்பிடறேன்.

— இதை வாங்கிக்கங்க மாமா.

— எதை, பாக்பியாவையா?

— கெரிஸை.

— வந்ததும் வராததுமா எதுக்கு அதை நீட்டிக்கிட்டே நிக்கிறீங்க? உட்காருங்க. ரயில்ல கூட்டமா?

— இல்லை. துணியில சுத்தி மடியில வெச்சிருந்தேன். பக்கத்துல இருந்த அம்மா, குழந்தையான்னு கேட்டாங்க.

— என்ன சொன்னீங்க?

— இல்லைன்னேன்.

— அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்றது.

— அதுவும் சரி. உங்ககிட்ட ஒரு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தை கேட்டா அது என் தப்பு.

— பெண்ணோட அப்பா மாப்பிள்ளைக்குக் கொடுக்கிறது இது. இனிமே என்கிட்ட இருக்கிறது முறை இல்லை.

— முறையா. முறையைப் பத்தி ஜோக்ஜாக்காரர் வந்து சோலோக்காரனுக்குப் பாடம் நடத்தறார். காலேஜ்ல பிள்ளைங்க கேட்கலையா, இங்க வந்து ஆரம்பிச்சுட்டீங்க? புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சு போனாத்தான் மாமனார் கொடுத்த கெரிஸைத் திருப்பணும். நீங்க என் பெண்ணோட பிரிஞ்சு போனீங்களா?

— இல்லை.

— சண்டை போட்டீங்களா?

— அவ போடுவா. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

— அப்புறம் என்ன? என் மூத்தவ அம்பர் செத்துப் போயிட்டா. செத்துப் போனதுக்குத் திருப்பணும்னு எவன் சொன்னான்?

— யாரும் சொல்லலை.

— அதுவும் ஆயிரமாம் நாள் விருந்துகூட முடியாம.

— முடிஞ்சுது மாமா. போன வாரம். ஆட்டுக்கறியில உப்பு இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க.

— உப்பு இல்லைதான். கல்லறைக்குக் கல் வெச்சு முடிச்ச மறுவாரமே கணக்கை முடிக்க வந்துட்டீங்க. நூலகத்துல எடுத்த புத்தகம் மாதிரி.

— அப்படி இல்லை.

— எப்படியோ. எனக்கு இது வேண்டாம். நான் கொடுத்தது சோலோ உறையில. வாங்கினா சோலோ உறையிலதான் வாங்குவேன். பழைய உறையைத் தேடி எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

— எடுத்துட்டு வந்திருக்கேன்.

— எங்க?

— பையில. பாக்பியாவுக்குக் கீழே.

— பாக்பியாவுக்குக் கீழே. அடடா, என்ன மரியாதை.

— அது நசுங்கக் கூடாதுன்னுதான் அடியில வெச்சேன். இப்பவே இதை உருவி அதுல மாத்தித் தர்றேன்.

— உருவாதீங்க.

— ஏன்?

— இங்க வெச்சு உருவாதீங்கன்னா உருவாதீங்க. இன்னைக்கு நாள் சரியில்லை. செவ்வாய், அதுவும் நம்ம அஞ்சு நாள் வாரத்து வாகேயும் சேர்ந்த செவ்வாய். இரும்பை உறையை விட்டு எடுக்கக் கூடாது.

— அப்பா, போன சுத்துல இதே செவ்வாய் வாகேயிலதான் நீங்க மோட்டார் சைக்கிள் எடுத்தீங்க. அதுவும் இரும்புதான். அத்தான், டீ எடுத்துக்கங்க.

— வந்துட்டா. ரெத்னோ, உள்ள இருந்து காதை மட்டும் இங்க வெச்சிருந்தியா?

— காது உள்ளயேதான் இருந்துச்சு. உங்க குரல்தான் அங்க வந்துச்சு. முடிஞ்சுதா? வாங்கிட்டீங்களா?

— எதை?

— கெரிஸை. அத்தானை வரச் சொன்னதே நான்தான்.

— ஓ. கூட்டுச் சதி.

— சதியெல்லாம் இல்லை. அடுத்த வாரம் பாசோ வீட்ல இருந்து பெரியவங்க மகாசார்ல இருந்து கப்பலேறி என்னைப் பெண் கேட்டு வர்றாங்க. நீங்க என்ன சொன்னீங்க? வர்ற மாப்பிள்ளைக்குக் கொடுக்க வீட்ல கெரிஸ் இல்லை, இருந்த ஒண்ணு மூத்த மாப்பிள்ளைகிட்ட போயிடுச்சு, கெரிஸ் கொடுக்காம பெண்ணைக் கொடுத்தா நாளைக்கு லவேயான் தெருவே சிரிக்கும். சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன்.

— கடையில ஒண்ணு வாங்கலாமேன்னு கேட்டேன்.

— கடையில வாங்க அது என்ன குடையா? வழிவழியா வந்ததைத்தான் கொடுக்கணும்.

— அதான் வழிவழியா வந்தது ரயில்ல திரும்பி வந்திருக்கு. இந்தாங்க, கையை நீட்டுங்க.

— டீயில சர்க்கரை போட்டியா? உன் அத்தானுக்கு நாலு கரண்டி வேணும், ஜோக்ஜாக்காரர்.

— பேச்சை மாத்தாதீங்க அப்பா.

— மாத்தலை. ஒண்ணு கேட்கறேன், ரெண்டு பேரும் கோபப்படாம கேளுங்க. கெரிஸ் ஏன் திரும்பி வரணும்? அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். உறவும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். ஊர்ல நடக்காததா? அக்கா போயிட்டா, தங்கச்சி இருக்கா. அத்தான் கண்ணெதிர்ல இருக்கார்.

— மாமா. வேண்டாம்.

— நீங்க எதுக்குத்தான் வேணும்னு சொல்லியிருக்கீங்க? கல்யாணத்துல சோறு போடவான்னு கேட்டப்பவும் வேண்டாம்னுதான் சொன்னீங்க. அப்புறம் ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க.

— நான் இங்கேதான் நிக்கிறேன். என்னையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

— சரி, கேட்கறேன். என்ன சொல்ற?

— அத்தான், தப்பா நினைக்காதீங்க. இவர் மூணு நாளைக்கு ஒரு வார்த்தை பேசறவர். இவரைக் கட்டிக்கிட்டா நான் சுவத்துல இருக்கிற பல்லியோடதான் குடும்பம் நடத்தணும். அக்கா எப்படித்தான் சமாளிச்சாளோ.

— அவ ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவா. நான் என்ன சொல்லணும்னு அவளே சொல்லி, அதுக்குப் பதிலும் அவளே சொல்லுவா.

— பாருங்க அப்பா. அதைச் செய்ய என்னால ஆகாது.

— அப்ப யாரால ஆகும்? அந்த மகாசார்க்காரனாலயா?

— பாசோன்னு பேர் இருக்கு. வாயில வராதா?

— வரும். வந்தா வாய் கழுவணும். அவங்க கெரிஸை நீ பார்த்திருக்கியா? துறைமுகத்துல எடுத்த அவன் சித்தப்பன் கல்யாணப் போட்டோவுல? பிடியைப் பாரு, கழுத்தை முறிச்ச கொக்கு மாதிரி குனிஞ்சுக்கிட்டு இருக்கும். உறை மேல ஒரு முழுத் தோணி. அடியில ஒரு குளம்பு. மாட்டுக்கா போடறாங்க, மனுஷனுக்கா?

— குளம்பு இல்லை. உறை கீழே தேயாம இருக்க ஒரு கட்டை. நல்லாத்தான் இருக்கு.

— நல்லா இருக்கு. எங்க சொருகறாங்க? முன்னால. தொப்புளுக்குப் பக்கத்துல. பெண் பார்க்க வர்றவன் பிடியைக் கைக்குப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு சபையில உட்காருவான். காப்பி கொடுக்கிறதா, கும்பிடு போடறதா?

— நாம முதுகுப் பக்கம் சொருகறோம். முகத்துல சிரிப்பு, பின்னால கத்தி. இதுல யாரு நல்லவங்கன்னு நீங்களே சொல்லுங்க.

— அது அடக்கம்.

— அது ஒளிச்சு வெக்கிறது. அவங்க கொண்டு வந்ததைக் காட்டிட்டு உட்கார்றாங்க. நாம சிரிச்சுக்கிட்டே உட்கார்றோம். வீட்டுக்குப் போனப்புறம்தான் யார் யாரைக் குத்தினாங்கன்னு தெரியும்.

— கேட்டீங்களா மாப்ள? உங்க மச்சினிச்சி பேச்சு. இன்னும் நிக்காஹ்கூட ஆகலை, அதுக்குள்ள தொப்புள்ல கத்தி சொருகிட்டா.

— பாலிக்காரங்க தோளுக்கு மேல நீட்டி வெச்சிருப்பாங்க.

— என்ன?

— சும்மா சொன்னேன். ஊருக்கு ஒரு இடம்.

— திடீர்னு வாயைத் திறந்தீங்களா, பயந்துட்டேன். பாலிக்காரன் வைக்கட்டும். அவன் பிடியில ராட்சசனைச் செதுக்கி, கண்ணுக்குச் சிவப்புக் கல் பதிச்சு, பார்த்தாலே திருவிழா மாதிரி இருக்கும். அவன் என் பெண்ணைக் கேட்டு வரலையே.

— அப்பா, கெரிஸ் எப்படி இருந்தா என்ன? ஆள் எப்படின்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?

— கேட்டேனே. கப்பல் பழுது பார்க்கிறவன். அப்பனும் அதே. தாத்தனும் அதே. பொழுது விடிஞ்சா கடல். பொழுது போனா கடல்.

— அதுல என்ன தப்பு?

— ரெத்னோ, நான் உன்கிட்ட மறைச்சுப் பேசலை. மூத்தவளை ஜோக்ஜாவுக்குக் கொடுத்தேன். ஒரு மணி நேர ரயில். காலையில கிளம்பினா மதியத்துக்கு அங்க சாப்பிட்டுட்டு, வெல்லமா இருக்குன்னு திட்டிட்டு, சாயந்தரம் வந்துடலாம். அந்தத் தூரத்துலயே நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவளுக்கு வெள்ளைத் துணி சுத்தியாச்சு. காய்ச்சல், நாளைக்குச் சரியாயிடும்னு இவர் போன்ல சொன்னார். மூணு வார்த்தை.

— டாக்டர் அப்படித்தான் சொன்னார் மாமா.

— உங்களைக் குத்தம் சொல்லலை. டாக்டர் சொன்னதைச் சொன்னீங்க. நீங்களா ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ற ஆள் இல்லை. ஒரு மணி நேர ரயிலுக்கே இந்தக் கதி. இப்ப இவ கடலைத் தாண்டிப் போறேங்கறா. அங்க ஒண்ணுன்னா நான் எதுல ஏறி வர்றது? எந்த முகத்தைப் பார்க்கிறது?

— அப்ப கெரிஸ் இல்லைங்கறது சாக்கு.

— சாக்குதான். சாக்குன்னு தெரிஞ்சுட்டு ஏன் இவரை ரயிலேத்தி வரவெச்ச?

— சாக்கைக் கையில இருந்து பிடுங்கத்தான். கெரிஸ் வந்துடுச்சு. இனி உங்க வாயால சொல்லுங்க, மாட்டேன்னு. பாசோ வீட்டுக்காரங்க முகத்துக்கு நேரா. அவங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை மானம் போச்சுன்னா திரும்ப இந்த வாசலுக்கு வர மாட்டாங்க. என் கதை அத்தோட முடிஞ்சுது.

— சொல்லலாம். சொல்ல எனக்குக் காரணம் இருக்கு. இது சோலோ கெரிஸ். எங்க அப்பா வீட்டு ரத்தம் மாதிரி. இதைக் கொண்டு போய்த் தோணி உறையில போட்டு, வயித்துக்கு முன்னால தொங்கவிடறவனுக்கு நான் கொடுக்க மாட்டேன். இரும்புக்கு மானம் இருக்கு.

— மாமா.

— சொல்லுங்க.

— இதை நான் சொல்றதா இல்லை.

— அப்ப சொல்லாதீங்க. உங்களுக்கு அதுதான் நல்லா வரும்.

— இது சோலோ கத்தி இல்லை.

— என்னது?

— உறையை மாத்தினது என் சித்தப்பா.

— யாரு, அந்த அரண்மனை உத்தியோகக்காரரா? கல்யாணத்தன்னைக்கு உங்க முதுகுல இருந்த உறையைப் பார்த்துட்டு, சோலோவுல இன்னும் படகுப் போக்குவரத்து இருக்கான்னு கேட்டாரே, அவரா?

— அவர்தான். எங்க வீட்டு விருந்துக்கு ஜோக்ஜா உறையிலதான் வரணும்னு பிடிவாதம் பிடிச்சார். புது உறைக்கு அளவெடுக்கக் கத்தியை உருவினார். உருவிட்டு சிரிச்சார்.

— எதுக்குச் சிரிப்பு?

— உன் மாமனார் உனக்கு மாலுமிக் கத்தியைக் கொடுத்திருக்கார்னு சொன்னார். நம்ம கத்தி ஒல்லியா, நீளமா இருக்கும். இது குட்டை, அகலம், முதுகு கனம். மகாசார் பக்கத்துப் புகிஸ் ஜனங்களோட கத்தின்னார். யாரோ இதுக்குச் சோலோ சட்டை மாட்டிவிட்டிருக்காங்கன்னார்.

— புகிஸா? அத்தான், நிஜமாவா?

— அப்புறம் நானும் புத்தகங்களை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதேதான்.

— அப்பா. எங்க வீட்டு ரத்தம்னு சொன்னீங்களே. ஏதாவது சொல்லுங்க.

— டீ ஆறிடுச்சு.

— டீயை விடுங்க.

— யார் யாருக்குத் தெரியும் மாப்ள?

— சித்தப்பாவுக்கு. எனக்கு. அம்பருக்கு.

— அம்பருக்கா?

— பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா. சித்தப்பா சிரிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்தா. அப்புறம் சொன்னா, சித்தப்பா, இது இந்த அறையை விட்டு வெளியில போச்சுன்னா, உங்க கெரிஸ் பிடியில இருக்கிற வைரமெல்லாம் கண்ணாடின்னு அரண்மனை வாசல்ல நின்னு கூவுவேன்.

— கண்ணாடியா அது?

— அவளுக்குத் தெரியாது. சும்மா அடிச்சுவிட்டா. சித்தப்பா முகம் போன போக்கைப் பார்த்தா கண்ணாடிதான்.

— அப்பா, சிரிக்கிறதுன்னா வாயைத் திறந்து சிரிங்க. இப்படித் தோள் மட்டும் குலுங்கினா எனக்குப் பயமா இருக்கு.

— சிரிப்புதான். அந்த ஆள் அத்தனை விருந்துலயும் அந்தப் பிடியைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தான். கண்ணாடி. என்கிட்ட ஏன் அவ சொல்லலை?

— உங்களுக்கு இது தெரியாதுன்னு நினைச்சா. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னா. அப்பாகிட்ட இருக்கிறதே சோலோக்காரன்கிற ஒண்ணுதான், அதையும் எடுத்துட்டா என்ன மிச்சம்னு கேட்டா.

— அப்படியா கேட்டா?

— ஆமா.

— அவருக்குத் தெரியும் அத்தான்.

— என்ன தெரியும்?

— எல்லாம் தெரியும். ஒவ்வொரு சூரோ மாசமும் தெருவுல எல்லாரும் கெரிஸை வாசல்ல வெச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, வர்றவன் போறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிக் கழுவுவாங்க. இவர் மட்டும் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்பார். நானும் அக்காவும் சாவித் துவாரத்துல கண்ணை வெப்போம். முதுகு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கு எவ்வளவு பக்தின்னு பேசிக்குவோம். பக்தி இல்லை. யாராவது கத்தியைப் பார்த்துடுவாங்கன்னு பயம். இன்னைக்குச் செவ்வாய் வாகேன்னு சொன்னதும் அதுக்குத்தான்.

— வாயாடி. படிக்க வெச்சது தப்பு.

— தெரியுமா தெரியாதா?

— தெரியும். அதுக்கு என்ன இப்போ?

— எங்க வாங்கினீங்க? திரிவிந்து சந்தையிலயா? பழைய சைக்கிள் மணி, ஓட்டை விளக்கு, அதுக்கு நடுவுலயா?

— எங்கயோ.

— கடையில வாங்க அது குடையான்னு என்னைக் கேட்டீங்க. ஆனா குடை மாதிரிதான் வாங்கியிருக்கீங்க. அதுக்கு மேல ஒரு சோலோ சட்டை, அந்தச் சட்டைக்கு ஒரு பரம்பரை, அந்தப் பரம்பரைக்கு வாரத்துல மூணு நாள் எங்களுக்கு உபதேசம். அத்தான் ஜோக்ஜா உறை போட்டதுக்குக் கால் மணி நேரமா அவரைக் கட்டை, கன்னம், பல் இல்லாதவன்னு பேசினீங்க. நீங்களும் அதைத்தானே செஞ்சீங்க?

— ஆமா, செஞ்சேன். என் பெரியப்பா அதைப் பழைய உறையோட பார்த்துட்டு, கல்யாணச் சபையில மூக்கைப் பொத்திக்கிட்டு, மீன் நாறுதுன்னார். நாப்பது பேர் சிரிச்சாங்க. மறுநாளே உறையை மாத்தினேன். உன் அத்தானோட சித்தப்பனைப் போல சோலோவுலயும் ஆள் உண்டு. எல்லா ஊர்லயும் ஒரு சித்தப்பன் இருக்கான்.

— பழைய உறை எங்க?

— இல்லை.

— தூக்கிப் போட்டுட்டீங்களா?

— இல்லைன்னா இல்லை. எல்லாத்தையும் குடைஞ்சு கேட்கணுமா?

— ரெத்னோ, விடு. மாமா, நான் இதைச் சொன்னது உங்களை மடக்க இல்லை.

— தெரியும்.

— இரும்புக்கு மானம் இருக்குன்னீங்க. அது எந்த ஊர் இரும்புன்னு சொன்னேன். அவ்வளவுதான்.

— உங்க அளவுக்கு இது பெரிய பிரசங்கம் மாப்ள. தண்ணி குடிங்க.

— அப்பா, நான் கடைசியா ஒண்ணு கேட்கறேன். புகிஸ் கத்தி, புகிஸ் மாப்பிள்ளை. இனி எந்தச் சாக்கு பாக்கி இருக்கு?

— பாக்கி எதுவும் இல்லை. பயம் மட்டும்தான் இருக்கு. அதுக்கு உறை கிடையாது.

— பயம் எனக்கும் இருக்கு. தெரியாத ஊரு. தெரியாத ஜனம். மாமியார் என்ன சொல்றாங்கன்னே புரியாது. ஆனா இங்கயே இருந்தா அக்கா மாதிரி ஒண்ணும் ஆகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?

— முடியாது.

— அப்ப?

— உங்கம்மா கிரெசிக் துறைமுகத்துல இருந்து வந்தப்போ உன்னைவிடச் சின்னவ. அவளுக்கும் இங்க ஒருத்தரும் தெரியாது.

— அம்மாவைப் பத்தி நீங்களா பேசறது இதுதான் முதல் தடவை. நான் எடுத்தாலே எழுந்து போயிடுவீங்க.

— நீ தொட்டில்ல கிடந்தப்போ போனவ. உனக்கு என்னத்தைச் சொல்றது? மூத்தவளுக்கே முகம் சரியா ஞாபகம் இல்லை. மாப்ள, ஒண்ணு சொல்லட்டுமா? வாயை மூடிக்கிட்டு இருந்தா போயிடும்னு நினைக்காதீங்க. நான் அதைச் செஞ்சு பார்த்தேன். இருபத்தஞ்சு வருஷமா வாய் ஓயாம எல்லாத்தையும் பேசினேன், அது ஒண்ணைத் தவிர. போகலை.

— எனக்கு ஒண்ணும் தோணவே மாட்டேங்குது மாமா. அழுகையும் வரலை. கல் வெச்ச அன்னைக்கும் வரலை. சிமென்ட் காயறதுக்கு எவ்வளவு நேரமாகும்னு மேஸ்திரியைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

— பார்த்தேன். எனக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் பார்த்தா நான் ஆட்டுக்கறியில உப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன். கொடுங்க இப்படி.

— எதை?

— பாக்பியாவை. கெரிஸைத்தான் மாப்ள, கொடுங்க.

— ரெண்டு கையாலயும் வாங்குங்க அப்பா.

— எனக்குத் தெரியும், நீ சொல்லித்தர வேண்டாம். சரி. வாங்கியாச்சு. இந்த நிமிஷத்துல இருந்து நீங்க என் மாப்பிள்ளை இல்லை.

— சரி மாமா.

— மாமாவும் இல்லை. நானும் இனிமே நீங்க வாங்கன்னு சொல்லத் தேவையில்லை. அதுவே பெரிய நிம்மதி. உட்காருடா. எங்க எழுந்திருக்க?

— ரயிலுக்கு நேரமாச்சு.

— ரயில் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு இருக்கு. அடுத்த வாரம் அவங்க வர்றப்ப நீ இங்க இருக்கணும்.

— நானா? எதுக்கு?

— அவங்க எல்லாரும் முன்னாலயே கத்தியை வெச்சுக்கிட்டு வரிசையா உட்காருவாங்க. என் பக்கத்துல ஒரு ஆளாவது வேண்டாமா?

— என்னன்னு சொல்லி உட்கார்றது? மருமகனும் இல்லைன்னுட்டீங்க.

— மகன்னு சொல்லிக்கறேன். சின்ன வயசுல ஜோக்ஜாவுல தொலைஞ்சு போனவன், அதான் பேச்சு குறைவு, இனிப்பு அதிகம்னு சொன்னா நம்பிடுவாங்க.

— அத்தான், வந்துடுங்க. இல்லைன்னா இவர் தனியா இருந்து என்னென்ன சொல்லுவாரோ.

— வர்றேன்.

— ஒரே வார்த்தை. நல்லா இருக்கு. உன் வீட்டுக் கெரிஸை ஜோக்ஜா உறையிலயே சொருகிக்கிட்டு வா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் சத்தம் போடாம சொல்றேன்.

— அப்பா, பாசோவுக்கு எந்த உறையில போட்டுக் கொடுப்பீங்க? சோலோவா?

— கத்தியை மட்டும் கொடுக்கிறேன். உறையை அவன் போட்டுக்கட்டும். தோணியோ, குளம்போ, முன்னாலயோ, பின்னாலயோ.

— நிஜமாவா சொல்றீங்க?

— இன்னொரு தடவை கேட்டா மாத்திச் சொல்லிடுவேன்.

— கேட்கலை. நான் இப்பவே அவனுக்குப் போன் பண்றேன். பாவம், பயத்துல செத்துக்கிட்டு இருக்கான். உங்ககிட்ட மரியாதையாப் பேசணும்னு ஒரு வாத்தியாரை வெச்சு நம்ம உயர்ந்த ஜாவா பேச்சைக் கத்துக்கறான். தூக்கத்துலகூட அதைத்தான் உளர்றானாம். ஒரு வரி சொல்றதுக்குள்ள வேர்த்துக் கொட்டுது. உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?

— ஜாவா பேச்செல்லாம் வேண்டாம்னு சொல்லு. அவன் புகிஸ் பாஷையிலயே பேசட்டும், எனக்குப் புரியும். உங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்ல அதை யாரும் பேசி நான் கேட்கலை.